ஆரணிப் பாம்பும் அமெரிக்க ஊசியும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்குக் கண்ணமங்கலம் தெரிந்திருக்கும். ஒரு ரோடு ஆரணிக்குப் பிரியும். இன்னொன்று போளூர் பக்கம் போகும். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை நீலமாகப் படுத்திருக்கும். டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிற ஊர் என்றுதான் பலருக்கு நினைப்பு. எனக்கு அப்படி இல்லை. அந்தப் பக்கத்தில் என் சித்தி ஒருத்தர் இருந்தார்.

பல வருஷங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி மாசம். பிடுங்கிக் குவித்திருந்த மல்லாட்டைச் செடியை மழைக்கு முன்னால் அள்ளிவிட வேண்டும் என்று சாயங்காலம் கழனிக்குப் போயிருக்கிறார். குவியலுக்கு அடியில் சுருட்டை. சுருட்டை விரியன் என்று புத்தகத்தில் போடுவார்கள். முழங்கை நீளம்கூட இருக்காது. உடம்பைச் சுருட்டிக்கொண்டு செதிலோடு செதிலை உரசும். வாணலியில் ஏதோ பொரிகிற மாதிரி சத்தம் வரும். சித்திக்கு அந்தச் சத்தமும் கேட்கவில்லை. "என்னமோ முள்ளு குத்தின மாதிரி இருந்துச்சு" என்றுதான் சொன்னார்.

சித்தி மகன் அவரை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வழியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பேர் வேண்டாம். அங்கே கையைக் கழுவினார்கள், டி.டி. ஊசி போட்டார்கள், கட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு சீட்டு எழுதினார்கள். 'ரெஃபர்டு.' அவ்வளவுதான். விஷமுறிவு ஊசி போடவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, இங்க ரிஸ்க் எடுக்க முடியாது."

வேலூருக்குப் போய்ச் சேரும்போது ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டி.டி. ஊசி போட்ட இடத்தில்கூட ரத்தம் நிற்கவில்லை. நான் தகவல் தெரிந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஓர் இளம் டாக்டர் சித்தியிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜைமேல் நிறுத்திவைத்துவிட்டு வாட்சைப் பார்த்தார். இருபது நிமிஷம் யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். தொடவில்லை. இருபதாவது நிமிஷம் குழாயைச் சாய்த்தார். காபி டம்ளரைச் சாய்த்த மாதிரி ரத்தம் அப்படியே ஓடியது. உறையவே இல்லை.

"விஷம் ரத்தத்துல ஏறியிருக்கு. இப்பவே ஊசி ஆரம்பிக்கணும்" என்றார்.

நான் கேட்டேன்: "டாக்டர், இந்தக் குழாய் டெஸ்டை முதல்ல போன ஆஸ்பத்திரியிலயே செஞ்சிருக்க முடியாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தி பிழைத்துவிட்டார். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கடனோடு வீடு திரும்பினார். பிழைத்ததால்தான் இதைக் கோபமாக எழுத முடிகிறது. இல்லாவிட்டால் வேறு மாதிரிதான் எழுதியிருப்பேன்.

*

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை? சமீபத்தில் 'அப்டமர்' என்ற ஒரு சமாசாரத்தைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். படித்து முடித்ததும் எரிச்சல். இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஆச்சரியம்.

கை வெட்டிக்கொண்டால் ரத்தம் தானாக நிற்கிறது இல்லையா? அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில் மேஸ்திரி மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. பேர் த்ராம்பின். ரத்தத்தில் கரைந்து கிடக்கிற ஃபைப்ரினோஜன் என்ற சாமானை இது வெட்டி நூலாக்கும். நூல்கள் பின்னி வலையாகும். வலையில் ரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகும். காயம் அடைபடும். இதே வேலை இதய ரத்தக்குழாய்க்குள் நடந்தால் மாரடைப்பு. மூளைக்குள் நடந்தால் பக்கவாதம். அதனால் த்ராம்பினை அடக்கிவைக்க மருந்து தேடுவது உலகத்தின் பெரிய பிசினஸ்களில் ஒன்று.

பழைய மருந்துகளின் பூர்வீகம் வேடிக்கையானது. ஹெபாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. வார்ஃபரின் எலிப் பாஷாணமாகவும் விற்ற சரக்கு. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். அளவு கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் கட்டி.

1990-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்கூடங்களில், கொலராடோவில் ஒன்று, பாஸ்டனில் ஒன்று, தனித்தனியாக ஒரே யோசனையை நிரூபித்தார்கள். நம் ஜவ்வாது மலையில் சாமையை முறத்தில் போட்டுப் புடைப்பார்களே, அதே வேலைதான். மரபணு எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று கோத்து கோடிக்கணக்கான துண்டுகளைத் தயாரிக்க வேண்டியது. அதில் நமக்கு வேண்டிய புரதத்தைப் போட வேண்டியது. எந்தத் துண்டு அதோடு ஒட்டிக்கொள்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ள வேண்டியது. ஒட்டியதை நகலெடுத்து மறுபடி புடைக்க வேண்டியது. பத்துத் தடவை புடைத்தால் பதர் எல்லாம் போய், அந்தப் புரதத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி சில துண்டுகள் முறத்தில் நிற்கும். அதுதான் அப்டமர்.

1992-ல் இப்படிப் புடைத்துப் புடைத்து த்ராம்பினைப் பிடிக்கிற ஒரு டி.என்.ஏ. துண்டைக் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்று நாலு எழுத்து உண்டு. இதில் இரண்டே எழுத்துதான். நீளம் பதினைந்தே எழுத்து. ஜிஜி-டிடி-ஜிஜி-டிஜிடி-ஜிஜி-டிடி-ஜிஜி. பச்சைக்குழந்தை மழலை பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த மழலை தனக்குத்தானே மடிந்து ஒரு குட்டி நாற்காலி மாதிரி உட்கார்ந்து, த்ராம்பின் ஃபைப்ரினோஜனைப் பிடிக்கிற இடத்தைப் போய் அடைத்துக்கொள்கிறது. ரத்தம் உறைவது நின்றுவிடுகிறது.

இன்னொரு அழகும் இருக்கிறது. டி.என்.ஏ. என்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஜோடி எழுத்து உண்டல்லவா? அப்டமருக்கு ஜோடி இழையைத் தயாரித்து உள்ளே விட்டால், அது அப்டமரைக் கட்டிப்பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். அதாவது மருந்தும் அதன் முறிவும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. பூட்டும் சாவியும் ஒரே பெட்டியில் வருகிற மாதிரி. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு ஊசி, ஆபரேஷன் முடிந்ததும் மறுபடி உறைய இன்னோர் ஊசி.

*

இந்தப் பூட்டு-சாவி யோசனைக்கு இதய நோயாளிகளிடம் பெரிய பரீட்சை வைத்தார்கள். அதில் பயன்பட்டது டி.என்.ஏ. அல்ல, அதன் தம்பியான ஆர்.என்.ஏ. அப்டமர். குறிவைத்தது த்ராம்பினை அல்ல, ரத்தம் உறைவதில் பங்கெடுக்கிற ஒன்பதாம் நம்பர் புரதத்தை. ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிக்கொள்ள வந்தவர்கள் 13,000 பேருக்கு மேல் சேர்ப்பதாகத் திட்டம். 3,232 பேர் சேர்ந்திருந்தபோது, 2014-ல் நிறுத்திவிட்டார்கள். சிலருக்குக் கடுமையான அலர்ஜி வந்தது, ஒருவர் இறந்தார். மருந்து உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடாமல் இருக்க அதன் வாலில் கட்டிய பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருள்தான் வில்லன் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். இன்றுவரை மார்க்கெட்டுக்கு வந்த இரண்டு அப்டமர் மருந்துகளும், 2004-ல் ஒன்று, 2023-ல் ஒன்று, கண் வியாதிக்கானவை. ரத்தத்துக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை.

தோற்றதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. விஞ்ஞானம் என்றால் தோற்றுத் தோற்றுத்தான் ஜெயிக்கும். என் எரிச்சல் வேறு. ரத்தம் உறைந்து சாகிறவனைக் காப்பாற்ற இத்தனை மூளை, இத்தனை பணம், இத்தனை கப்பல் கவிழ்ந்தாலும் மறுபடி கட்டுகிற தைரியம். ரத்தம் உறையாமல் சாகிறவனுக்கு?

சுருட்டையும் கண்ணாடி விரியனும் செய்வது என்ன தெரியுமா? அவற்றின் விஷத்தில், நம் ரத்தத்தை உறையவைக்கிற அதே புரதங்களைத் தட்டி எழுப்பிவிடுகிற நொதிகள் இருக்கின்றன. சுருட்டையின் விஷம் த்ராம்பினை ஏராளமாக உருவாக்கிவிடும். கண்ணாடி விரியனின் விஷம் அதற்கு ஒரு படி முன்னாலேயே பத்தாம் நம்பர் புரதத்தைக் கிளப்பிவிடும். தேவையே இல்லாமல் ரத்தக்குழாய் முழுக்கக் குட்டிக் குட்டி வலைகள். ஊதாரிப் பிள்ளை அப்பன் சொத்தை ஒரே ராத்திரியில் அழித்த மாதிரி, ஃபைப்ரினோஜன் கஜானா காலி. அப்புறம் நிஜமாகவே காயம் பட்டால் அடைக்க ஒன்றும் இருக்காது. ஈறு, சிறுநீர், கடைசியில் மூளைக்குள்கூட ரத்தம் கசியும். கண்ணாடி விரியன் என்றால் கிட்னியையும் சேர்த்துப் பழுதாக்கும்.

விஞ்ஞானிகளுக்கு இது தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். 1934-ல் லண்டனில் ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தப்போக்கை நிறுத்தக் கண்ணாடி விரியன் விஷத்தைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கும் பெரிய லேப்களில் ஒரு குறிப்பிட்ட ரத்தப் பரிசோதனைக்கு இந்த விஷம்தான் ரீஏஜென்ட். இதைவிட ஒரு சங்கதி இருக்கிறது, கேளுங்கள்.

சுருட்டை விஷத்திலிருந்து எகிஸ்டாடின் என்ற ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது தடுக்கும். அதை மாடலாக வைத்து ஓர் அமெரிக்கக் கம்பெனி டிரோஃபிபன் என்ற மருந்தைச் செய்தது. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நெஞ்சுவலியோடு வந்து ஏ.சி. வார்டில் படுத்திருப்பவருக்கு நரம்பு வழியாக ஏற்றுவார்கள். நல்ல மருந்து. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். எனக்கோ உங்களுக்கோ நாளைக்குத் தேவைப்படலாம்.

இந்தச் சுருட்டைப் பாம்பை விஞ்ஞானம் முதன்முதலில் பதிவுசெய்த ஊர் எது? விலங்கியல் புத்தகங்களில் ஓர் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆர்னி. நம்ம ஆரணி! பட்டுப்புடவைக்குப் பேர்போன அதே ஆரணி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற டாக்டர் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் படம்போட்டுப் புத்தகம் எழுதினார். அந்தச் சரக்கை வைத்து 1801-ல் ஜெர்மன்காரர் ஷ்னைடர் இதற்கு லத்தீன் பேர் சூட்டினார். கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷில் அந்த ரஸ்ஸலின் பேரே நிலைத்துவிட்டது.

ஆக, எங்கள் ஊர்ப் பாம்புக்கு லத்தீனில் பேர் இருக்கிறது. அதன் இனத்து விஷத்தைப் படித்து அமெரிக்காவில் மருந்து செய்தாயிற்று. அது கடித்த சித்திக்கு மட்டும் ஒரு சீட்டு. 'ரெஃபர்டு.'

*

"பாம்புக்கடிக்குத்தான் மருந்து இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகிற எதிர்ப்புப் புரதத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். 1890-களில் பிரெஞ்சுக்காரர் கால்மெட் தொடங்கிவைத்த வழி. சுத்திகரிப்பு முன்னேறியிருக்கிறது, அடிப்படை அதேதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. இந்தியா முழுக்க இதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நம் மாமல்லபுரத்துப் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 2023-ல் இரண்டு இருளர் பாம்புபிடி வல்லுநர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கை தட்டினோம். அதோடு மறந்தோம்.

குதிரை மருந்து உயிர் காக்கிறது, சந்தேகமே இல்லை. இன்றைய தேதிக்கு அதை விட்டால் வேறு கதியும் இல்லை. ஆனால் குறைகள் உண்டு. அலர்ஜி வரலாம். பாட்டில் பாட்டிலாக ஏற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே எட்டுப் பத்து பாட்டில். ஒரே இனப் பாம்புக்கும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது, அதனால் எல்லா இடத்திலும் மருந்து ஒரே மாதிரி கேட்பதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் சொல்கின்றன.

புது மருந்து எதுவும் வரவில்லையா? வருகிறது. எப்படி வருகிறது என்று பாருங்கள். வரெஸ்ப்ளாடிப் என்று ஒரு மருந்து. இதய நோய்க்காகச் சோதித்துப் பார்த்தது. 2012-ல் அதில் தோற்றது. அப்புறம்தான் "பாம்பு விஷத்துக்குக் கேட்கிறதா பார்ப்போம்" என்று எடுத்தார்கள். இந்தியாவிலும் நோயாளிகளிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை, கடிபட்டுச் சீக்கிரம் வந்தவர்களிடம் மட்டும் நம்பிக்கையான அறிகுறி. இன்னொன்று மரிமாஸ்டாட். அது புற்றுநோய்க்காகச் செய்து தோற்ற மருந்து. அதையும் இப்போது விரியன் விஷத்துக்கு எதிராகச் சோதிக்கிறார்கள்.

புரிகிறதா? இதய நோய்க்காரர்களும் புற்றுநோய்க்காரர்களும் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகு, இலையில் மீந்தது பாம்புக்கடிக்காரனுக்கு. இதைச் செய்கிற விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களாவது மீந்ததை எடுத்துக் கொடுக்கிறார்கள். என் கேள்வி, இவனுக்கென்று ஏன் ஒருநாளும் இலை போடவில்லை என்பதுதான்.

அப்டமருக்குத் திரும்பி வாருங்கள். அதன் குணங்களைப் பட்டியல் போட்டால் பாம்புக்கடிக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது. குதிரை வேண்டாம், ரசாயன முறையில் செய்யலாம். காயவைத்த டி.என்.ஏ. வெயிலுக்கு அவ்வளவாக அஞ்சாது. எந்தப் புரதத்தைப் பிடிக்க வேண்டுமோ அதற்கென்றே புடைத்தெடுக்கலாம். த்ராம்பினைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, த்ராம்பினைக் கிளப்பிவிடுகிற விஷத்தைப் பிடிக்கத் தெரியாதா? கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் நச்சைப் பிடிக்கிற அப்டமர்களை ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள்.

ஒரு தடங்கல் உண்டு. உடம்புக்குள் போனால் டி.என்.ஏ. துண்டுகளை ரத்தத்தில் உள்ள நொதிகள் சீக்கிரம் அரித்துவிடும். அதைத் தடுக்க வால் கட்டப்போய்த்தான் 2014-ல் அலர்ஜி. சரி, மருந்தாக வேண்டாம். பரிசோதனைப் பட்டையாகவாவது செய்யலாமே? கர்ப்பம் பார்க்கிற பட்டை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. அது மாதிரி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் விரியனா, கட்டுவிரியனா, விஷம் ஏறியதா இல்லையா என்று நிறம் காட்டுகிற பட்டை. உடம்புக்குள்ளேயே போகாத சாமானுக்கு நொதி பயமும் இல்லை, அலர்ஜி பயமும் இல்லை. ஜவ்வாது மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா மேஜை டிராயரில் வைத்துக்கொள்ளலாம்.

கையில் இல்லை. காரணம் சுலபம். மாரடைப்பு வருகிறவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கிரெடிட் கார்டு இருக்கிறது. மல்லாட்டை அள்ளப் போகிறவளுக்குச் சுருக்குப்பைதான் இருக்கிறது.

*

"அப்படி எத்தனை பேர் செத்துவிடுகிறார்கள்?" என்று நகரத்து நண்பர் ஒருவர் கேட்டார். 2020-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம். வருஷத்துக்குச் சராசரி 58,000. தினம் 150 பேருக்கு மேல். தினம் ஒரு விமானம் விழுந்தால் நாம் பேப்பர் படிக்கிற விதமே மாறிவிடும். இவர்கள் தனித்தனியாக, வரப்பிலும் வாசலிலும் விழுகிறார்கள். அதனால் சத்தம் வருவதில்லை.

2017-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு, 2030-க்குள் சாவுகளைப் பாதியாக்குவோம் என்று செயல்திட்டம் போட்டது. அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்று அறிவித்தது. இனி கணக்காவது ஒழுங்காக வரும். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

ஆனால் 2023 மே மாதத்தை மறக்க முடியவில்லை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம், ஜவ்வாது மலைத்தொடரில் அல்லேரி. ராத்திரி வீட்டு வாசலில் தூங்கிய ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறங்க ஒழுங்கான ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போது உடலைக் கொண்டுவந்த வண்டி பாதியோடு நின்றுவிட, பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தே போனார். செய்தி நாடு முழுக்கப் போனது. ரோடு போட நடவடிக்கை எடுக்கிறோம் என்றார்கள் அதிகாரிகள். குழந்தை செத்த பிறகு.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் இருக்கிறது. அங்கே 1986-ல் இரண்டே கால் மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கண்ணாடியோடு பெரிய டெலஸ்கோப் வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1977-ல், யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதைக் கவனித்த கண்களில் காவலூரும் ஒன்று. எனக்கு அதில் பெருமைதான். விஞ்ஞானம் மலையேற வேண்டும் என்று தீர்மானித்தபோது ரோடு கிடைத்தது, கரண்ட் கிடைத்தது, அத்தனை பெரிய கண்ணாடி கீறல் விழாமல் மேலே போய்ச் சேர்ந்தது. ஆக, மலை ஒரு தடையே இல்லை. யாருக்காக ஏறுகிறோம் என்பதுதான் விஷயம்.

*

சிலர் உடனே கடிதம் எழுதுவீர்கள். "அப்டமர் கிப்டமர் எல்லாம் வேண்டாம், முதலில் ரோடு போடச் சொல்லுங்கள்" என்று. மன்னிக்கவும், நான் அந்தக் கட்சி இல்லை. ஏழைக்கு ரோடு, பணக்காரனுக்கு மாலிக்யூல் என்று பாகம் பிரிக்கிற புத்தியைத்தான் எதிர்க்கிறேன். இரண்டும் அவனுக்கு வேண்டும்.

டாக்டர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, ஒரே டாக்டர், ஒரே நர்ஸ். குதிரை மருந்து ஏற்றி அலர்ஜி வந்து நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வெளியே நிற்கிற கூட்டம் கண்ணாடியை உடைக்கும். சீட்டு எழுதி அனுப்பிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பயம் நியாயம். ஆனால் அதற்கு மருந்து அட்ரினலின் ஊசியும் பயிற்சியும், பக்கபலமாக நிற்கிற அரசாங்கமும். சீட்டு அல்ல. வழியில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் கஜானா காலியாகிக்கொண்டே இருக்கிறது.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது, பச்சிலைக்காரரிடம் போய் பொழுதைத் தொலைப்பது. ஏற்கெனவே உறையாத ரத்தம், அதில் பிளேடு வேறு! தயவுசெய்து எதுவும் செய்யாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கையில் எடுத்துப் போகிற வீரமும் வேண்டாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பாம்புக்கடி பருவத்தில், அதாவது மழையிலும் அறுப்பிலும், மலையடிவாரத்து ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ராத்திரி ஆள் இருக்க வேண்டும். மருந்து ஸ்டாக்கில் இருக்கிறது என்று அரசு சொல்கிறது, சந்தோஷம். அது அலமாரியிலிருந்து நரம்புக்குப் போக வேண்டும். முதல் தவணையை ஏற்றிவிட்டுத்தான் 'ரெஃபர்' என்ற வார்த்தையையே எழுத வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் அப்டமர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் நெஞ்சுவலிக்கு மட்டும் புடைக்காமல், சுருட்டைக்கும் ஒரு முறம் ஒதுக்க வேண்டும். அதற்கு அரசு பணம் தர வேண்டும். பாம்பு நம்முடையது, சாவு நம்முடையது, விஷம் எடுத்துத் தருகிற இருளர்களும் நம்மவர்கள். ஆராய்ச்சி மட்டும் ஏன் அடுத்தவன் இலையில் மீறுவதற்குக் காத்திருக்க வேண்டும்?

அதெல்லாம் வருகிற வரைக்கும், அந்தக் குழாய்.

1970-களில் டாக்டர் வாரெல் என்ற ஆங்கிலேயர் நைஜீரியாவில் சுருட்டை இனப் பாம்பு கடித்தவர்களிடம் இந்தக் கண்ணாடிக் குழாய் வித்தையைப் பயன்படுத்தி எழுதினார். ஒரு புதுக் கண்ணாடிக் குழாய், இரண்டு மில்லி ரத்தம், இருபது நிமிஷம். பிளாஸ்டிக் ஆகாது. ரத்தம் உறையக் கண்ணாடியின் ஸ்பரிசம் வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. கட்டுவிரியனுக்கும் நல்ல பாம்புக்கும் இது உதவாது. அவை நரம்பைத் தாக்குபவை, கண் இமை சரிகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், அலட்சியமாகச் செய்யும்போது இந்த டெஸ்ட் பல பேரைக் கோட்டைவிடுகிறது, பயிற்சி கொடுத்துச் செய்தால் நன்றாகவே பிடிக்கிறது. குழாய் மட்டும் போதாது, அதை இருபது நிமிஷம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷரும் வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு டீயின் விலைதான் ஆகும். டிரோஃபிபன் வேண்டாம், அப்டமர் வேண்டாம், டெலஸ்கோப் வேண்டாம்.

அந்த வேலூர் டாக்டரின் சிரிப்புக்கு இப்போது அர்த்தம் புரிகிற மாதிரி இருக்கிறது. கண்ணாடி விரியன் எங்கள் ஊர் வரப்புவரை தானாகவே வந்துவிடுகிறது. கண்ணாடிக் குழாயை மட்டும் யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.